பனிக்கால நெடுஞ்சாலை: கணக்கில் பின்தங்கும் கிராமம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், முன்புறம் அகன்ற எஃகுத் தகடும் பின்புறம் உப்புத் தொட்டியும் பொருத்திய லாரிகளே குளிர்காலம் முழுவதும் நெடுஞ்சாலைகளைத் திறந்து வைக்கின்றன. எந்த லாரி எந்தச் சாலையை எந்த வரிசையில் வழிக்க வேண்டும் என்று வகுப்பதே வழித்திட்டம் எனப்படுகிறது.

எல்லாத் தெருக்களையும் கடந்து குறைந்த தொலைவில் அஞ்சலகத்துக்குத் திரும்பும் தபால்காரரின் சுற்றை 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கோ ஆராய்ந்ததிலிருந்து, இத்தகைய திட்டங்களுக்கான கணிதம் வளர்ந்தது. ஒவ்வொரு சந்திப்பிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் சாலைகள் கூடினால் எதையும் மறுமுறை கடக்காமல் சுற்றிவரலாம் என்பது கணிதவியலாளர் ஆய்லர் 1736இல் கண்ட விதி; இருவழிச் சாலையின் இரு பக்கங்களையும் தனித்தனியே வழிக்க வேண்டியிருப்பதால், அங்கே இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது. ஆயினும் தொட்டியில் உப்புத் தீர்ந்ததும் தொலைவிலுள்ள கிடங்குக்கு லாரி திரும்ப வேண்டியிருப்பதால், வேலை எதுவும் நடக்காத 'காலி ஓட்டம்' கிராமப்புறத்தில் மிகுகிறது. சாலையின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு பனியை உருக்கும் வேகமும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இவற்றைவிடக் கவலைக்குரியது, எந்தச் சாலை முதலில் என்பதை வாகன எண்ணிக்கையே தீர்மானிப்பது. இம்மாநில நெடுஞ்சாலைகளில் நாளொன்றுக்கு 30,000க்கு மேற்பட்ட வாகனங்கள் ஓடும் தடம் 3 மணி நேரத்துக்குள் தெளிவாக வேண்டும் என்பது இலக்கு; 800க்கும் குறைவாக ஓடும் தடத்துக்கோ 36 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அந்தக் கடைசி வகைச் சாலைகளின் ஓரத்தில்தான் பால் பண்ணைகள் இருக்கின்றன. நாளுக்கு இருமுறை கறக்கும் பாலைச் சேமிக்கும் குளிர்தொட்டி ஓரிரு நாளில் நிரம்பிவிடும். டேங்கர் வராவிட்டால் பாலைக் கீழே கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நோயாளியை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸுக்கும் பெரும்பாலும் அதே சாலைதான் வழி.

நிதியும் ஓட்டுநர்களும் வரம்புக்குட்பட்டிருக்கையில் பெரும்பான்மையோர் செல்லும் சாலைக்கே முன்னுரிமை தருவது நியாயம் என்று பொறியாளர்கள் கூறுகின்றனர். ஆனால் நகரத்தில் ஒரு சாலை அடைபட்டால் அடுத்த சாலை உண்டு. கிராமத்தில் அது பெரும்பாலும் இல்லை. ஆகவே எத்தனை வாகனங்கள் ஓடுகின்றன என்பதோடு, மாற்று வழி உண்டா என்பதையும் கணக்கில் சேர்க்காத எந்த வழித்திட்டமும், எரிபொருளை எவ்வளவு மிச்சப்படுத்தினாலும், திறமையான திட்டம் ஆகாது.