ஆவிக்குள் ஒரு வலை

நம் ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். அது நுழைந்து போகவேண்டிய தந்துகிகளில் பல அதைவிடக் குறுகல். மண்ணீரலின் இடுக்குகளோ இன்னும் நெருக்கம். சுமார் 120 நாள் ஆயுள் முழுக்க நசுங்கி, நெளிந்து, மறுபடி பழைய வடிவத்துக்கே வந்துவிடுகிறதே, எப்படி?

சவ்வின் உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் மீன்வலை மாதிரி விரிந்திருக்கிறது. பெயர்க்காரணம் சுவையானது. ஹீமோகுளோபினை வெளியேற்றிய வெறும் அணுக்கூட்டை ஆய்வகத்தில் 'ஆவி' என்பார்கள். பேய், பிசாசு என்கிற அதே ஆவிதான்! அதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்கு 1968-இல் அந்தப் பொருளிலேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

வலையைச் சவ்வோடு இறுக்கும் முடிச்சு, ஆன்கிரின். அது பற்றியிருப்பது 'பேண்ட் 3' என்ற புரதத்தை. ஓர் அணுவில் பேண்ட் 3 மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. பிறவியிலேயே முடிச்சு பலவீனமாக இருந்தால், தட்டையான அணு உருண்டையாகி மண்ணீரலில் சிக்கிச் சிதையும்.

பேண்ட் 3-க்கு அணுவின் உள்ளே நீளும் ஒரு வால் உண்டு. சர்க்கரையை உடைத்து ஆற்றல் தரும் நொதிகள் சில அதில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் அந்த வாலை வந்து பிடித்ததும், இவை கழன்று வேலையில் இறங்கும். நுரையீரலில் ஆக்சிஜன் ஏறியதும் ஹீமோகுளோபின் இடத்தைக் காலி செய்யும். நொதிகள் மறுபடி வாலுக்கே திரும்பும்.