தொண்டும் கட்டாயமும்

‘தொண்டு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அடிமைத்தனம் என்னும் பொருளும் உண்டு. அன்பினால் செய்யும் பணி என்னும் பொருளும் உண்டு. பின்னதே இன்று வழக்கில் நிலைத்துள்ளது. எனினும், பள்ளி மாணவர்க்குச் சமூகத் தொண்டினைக் கட்டாயமாக்கலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், மறைந்து கிடக்கும் முன்னைய பொருள் தலைதூக்குவதைக் காண்கிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லகேம் நகரப் பள்ளிகள், நான்காண்டு உயர்நிலைப் படிப்புக்குள் 60 மணி நேரம் தொண்டு செய்தாலன்றித் தேர்ச்சிச் சான்று இல்லை என விதித்தன. எதிர்த்து வழக்காடியோர், அந்நாட்டில் அடிமை முறையை ஒழித்த 13ஆம் சட்டத் திருத்தத்தையே துணைக்கு அழைத்தனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. கல்வியின் பொருட்டு இடப்படும் பணியை அடிமைத்தளையோடு ஒப்பிடுதல் மிகை என்பதே நம் கருத்துமாகும்.

நம் நாட்டிலும் இவ்வினா புதிதன்று. உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி புக விரும்புவோர் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய நாட்டுப்பணி ஆற்றவேண்டும் என்று, 1959இல் அமைக்கப்பட்ட சி.டி.தேஷ்முக் குழு பரிந்துரைத்தது. செலவும் நடைமுறைச் சிக்கலும் மிகுதி என்பதால் அது கைவிடப்பட்டது. பிற நாட்டு முறைகளை ஆராய்ந்த கே.ஜி.சையிதைன், விருப்பத்தின் அடிப்படையிலேயே தொடங்கலாம் என்றார். அவ்வழியில், காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. ஈராண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஊர்ப்புறத்தில் 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் அது பரவியது.

விருப்பப் பணியாயினும் கட்டாயப் பணியாயினும், மணிக்கணக்கு நுழைந்தவுடன் ஒரு நோயும் உடன் நுழைகிறது. நூறு கன்றுகள் நட்டோம் என்று பதிவேடு பேசும். மறுவாரம் அவற்றுக்கு நீர் ஊற்றியவர் யார் என்பதற்கு அதில் கட்டம் இராது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1999 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் 40 மணி நேரத் தொண்டு செய்தாக வேண்டும். அது வகுப்பு நேரத்துக்கு வெளியே அமைதல் வேண்டும். ஊதியம் பெறும் வேலையும் அன்றாட வீட்டு வேலையும் கணக்கில் சேரா. விதி நேரியதாகவே தோன்றும். ஆனால் அதனை நம் ஊருக்குக் கொணர்ந்து எண்ணிப் பாருங்கள். மாலையில் தாயோடு அமர்ந்து பீடி சுற்றும் மாணவியும், தந்தையின் கடையைப் பார்த்துக்கொள்ளும் மாணவனும் அந்த 40 மணி நேரத்தை எங்கிருந்து பெறுவர்? ஓய்வுடையார்க்கு எளிதாகவும் உழைப்பார்க்குச் சுமையாகவும் அமையும் விதியைத் தொண்டு என்றழைக்க நம் நா எழவில்லை.

அமெரிக்காவிலேயே மாநிலம் முழுமைக்கும் தொண்டினை முதன்முதல் கட்டாயமாக்கிய மேரிலாந்து இதற்கொரு வழி காட்டுகிறது. அங்கு வகுத்த 75 மணி நேரத்தில், பணிக்கு முன் கற்றலும் பணிக்குப் பின் சிந்தித்தலும் அடங்கும். பள்ளிகள் பலவும் அதனைப் பாடத்தினுள்ளேயே இணைத்துள்ளன.

ஆகவே, பள்ளிகள் தொண்டினைக் கட்டாயமாக்கலாம் என்றே நாம் கூறுவோம். ஆயின் அக்கட்டாயம் முதற்கண் பள்ளியின் மேலதாகுக. கால அட்டவணையில் அதற்கு நேரம் ஒதுக்கப்படுக. பொறுப்பாசிரியரின் பிற பணிச்சுமை குறைக்கப்படுக. எப்பணி என்பதை மாணவர் தேர்ந்துகொள்க. ஆண்டுக்கோர் ஊர் என்று அலையாமல் அருகிலுள்ள ஒரு தெருவையே பள்ளி தன் பொறுப்பில் கொள்ளுமாயின், பத்தாம் வகுப்பார் தொடங்கியதை ஒன்பதாம் வகுப்பார் ஏற்று நடத்துவர். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தந்த மாணவன், தொகை வந்ததா என்று அவ்வீட்டு வாயிலில் மீண்டும் சென்று கேட்கவும் இயலும்.