வெள்ள நிவாரணம்: சாவி யார் கையில்?

 

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் மஹல்லாவில் ஒரு கேள்வி எழுகிறது. "ஆளுநருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை என்கிறார்களே, அவர் கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ள நிவாரணம் நின்றுபோகுமா?" ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெரியவர்கள் கேட்கிறார்கள். அறக்கட்டளைக்கு விண்ணப்பம் கொண்டுவரும் தாய்மார்களும் கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: சட்டப்படி நிற்காது. ஆனால் தாமதம் ஆகலாம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அரிசியும் பாயும் நனைந்துபோன குடும்பத்துக்கு ஒரு மாதத் தாமதமே பெரிய இழப்பு. ஆகவே இந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, யார் எந்த இடத்தில் அதை நிறுத்தி வைக்க முடியும் என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. இது எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ எழுதப்பட்டதல்ல.

அரசின் பணப்பைகள்

நம் பள்ளிவாசல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். காசோலையில் முத்தவல்லி கையெழுத்திடுகிறார். அதனால் பணம் அவருடையது ஆகிவிடாது. எதற்குச் செலவிடலாம் என்று ஜமாஅத் கூட்டம் முடிவு செய்கிறது; ஆண்டு முடிவில் கணக்கைக் கேட்கிறது. மாநில அரசின் பணமும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதல் பை, மாநிலத்தின் தொகுப்பு நிதி. வரியாகவும் கடனாகவும் வருவதெல்லாம் இதில் சேர்கிறது. சட்டமன்றம் சட்டம் இயற்றி அனுமதிக்காமல் இதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் போதாமல் போனால், துணை மானியக் கோரிக்கை என்று மீண்டும் சட்டமன்றத்தின் முன் வைத்து அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டாவது பை, எதிர்பாராச் செலவுகளுக்கான அவசர நிதி. புயல் அடிக்கும் நாளில் சட்டமன்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே அரசமைப்புச் சட்டத்தின் 267ஆவது பிரிவு இப்படியொரு நிதிக்கு வழி செய்கிறது. மாநிலத்தில் இந்த நிதி ஆளுநரின் பொறுப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. "சாவி ஆளுநரிடம்" என்ற பேச்சு இதிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் அவர் தம் விருப்பப்படி அதைத் திறக்கவோ பூட்டவோ முடியாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். ஆளுநர் பதவியின் பொதுவான நிலை இதுதான் என்று 1974ஆம் ஆண்டு ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. மேலும், இந்த நிதியிலிருந்து எடுப்பது முன்பணம் மட்டுமே. பிறகு சட்டமன்றத்தின் அனுமதி பெற்றே ஆக வேண்டும்.

மூன்றாவது பை, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாட்டுக்கு இதில் நான்கில் மூன்று பங்கை ஒன்றிய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் தருகின்றன. இது போதாத பெரும் பேரிடருக்குத் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கேட்கலாம். ஒன்றியக் குழு வந்து பார்த்துப் போகும். முடிவு டெல்லியில் எடுக்கப்படும்.

ஆளுநர் எங்கே நிறுத்த முடியும்?

ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையே பணம் தொடர்பான பிணக்கு வரக்கூடிய இடங்கள் மூன்று.

ஒன்று, சட்டமன்றத்தைக் கூட்டுவது. அமைச்சரவை கேட்டும் ஆளுநர் கூட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? பஞ்சாபில் 2023 பிப்ரவரியில் இதுவே நடந்தது. பட்ஜெட் கூட்டத்தொடரைக் கூட்டுவதில் அங்கே ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோகித் தயங்கினார். இவர் அதற்கு முன் நம் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அமைச்சரவை சொன்னால் கூட்டுவது ஆளுநரின் கடமை என்றது நீதிமன்றம்.

இரண்டு, பண மசோதாவை அறிமுகம் செய்வது. இதற்கு ஆளுநரின் பரிந்துரை வேண்டும். அதே பஞ்சாபில் 2023 அக்டோபரில் மூன்று பண மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. கூட்டத்தொடரே செல்லாது என்றார். நவம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் கூட்டம் செல்லுமா என்று சந்தேகிப்பது ஆளுநரின் வேலை அல்ல என்று தீர்ப்பளித்தது.

மூன்று, நிறைவேறிய மசோதாவுக்கு ஒப்புதல் தருவது. மற்ற மசோதாக்களை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. பண மசோதாவை அப்படித் திருப்பி அனுப்ப முடியாது என்று 200ஆவது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட பத்து மசோதாக்கள் பல்கலைக்கழகங்கள் தொடர்பானவை. 2023 நவம்பர் 13ஆம் தேதி அவை திருப்பி அனுப்பப்பட்டன. ஐந்தே நாளில் சட்டமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அவற்றுள் நிவாரணப் பணம் பற்றியது ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆளுநருக்குக் காலக்கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20ஆம் தேதி, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் தந்தது. காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஆனால் காரணமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி உத்தரவிடலாம் என்பது அதன் சாரம்.

ஆக, ஆளுநர் பதவியால் நிவாரணத்தை மறுக்க முடியாது. ஆனால் நீதிமன்றம் வரை போய்வரும் நாட்கள் வீணாகலாம். மனம் இருந்தால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கும் அண்டை மாநிலத்தில் சான்று உண்டு. கொரோனா காலத்தில் அரசு ஊழியர் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் கேரள அரசின் உத்தரவுக்கு 2020 ஏப்ரல் 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறுநாள் அமைச்சரவை அவசரச் சட்டம் கொண்டுவர முடிவு செய்தது. அதற்கு மறுநாளே ஆளுநர் ஆரிப் முகமது கான் கையெழுத்திட்டார். அந்த அரசோடு வேறு பல விஷயங்களில் மோதியவர் அவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் நடந்தது என்ன?

மிக்ஜாம் புயல் நம் பகுதியைப் புரட்டிப்போட்ட மாதம் அது. சென்னையோடு திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்குக் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நம் பூந்தமல்லி வட்டமும் அதில் அடங்கும். டிசம்பர் 17 முதல் ரேஷன் கடைகளில் வழங்கினார்கள். சுமார் 24 லட்சம் குடும்பங்கள். செலவு ஏறத்தாழ 1,450 கோடி ரூபாய். இந்தப் பணத்தை எந்த ஆளுநரும் தடுக்கவில்லை.

வழங்கத் தொடங்கிய அன்றே தென் மாவட்டங்களில் மழை கொட்டியது. நம் சமுதாயத்தவர் நிறைந்து வாழும் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. டிசம்பர் 19ஆம் தேதி அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி, மீட்புப் பணி குறித்து ஒன்றிய அரசின் அமைப்புகளைத் தம் மாளிகைக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார். மாநில அரசின் சார்பில் யாரும் கலந்துகொள்ளவில்லை என்று ஆளுநர் மாளிகை சொன்னது. தண்ணீரில் மக்கள் தவிக்கும்போது "யார் கூட்டம் நடத்துவது" என்பதே செய்தியாகிப்போனது. படகும் உணவும் அனுப்புவது மாவட்ட ஆட்சியரின் நிர்வாகம். அது அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டது. இரண்டு இடங்களில் கூட்டம் நடந்தால் கீழே நிற்கும் அதிகாரிக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

உண்மையான பணப் பிணக்கு வேறிடத்தில் இருந்தது. இரண்டு பேரிடர்களுக்கும் சேர்த்துச் சுமார் 37,900 கோடி ரூபாயைத் தமிழ்நாடு கேட்டது. மாநிலப் பேரிடர் நிதிக்கு வழக்கமாக வரும் ஒன்றியப் பங்கு அந்த ஆண்டு தலா 450 கோடியாக இரண்டு தவணைகளில் வந்தது. தேசிய நிதியிலிருந்து கேட்டது வராததால் 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அம்மாத இறுதியில் சுமார் 276 கோடி விடுவிக்கப்பட்டது. தேசிய நிதியை அதற்கென்று உள்ள விதிமுறைப் பட்டியலின்படியே கணக்கிடுவார்கள். மாநிலம் தானாகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை மாநிலத்தின் கைக்காசுதான்.

அமெரிக்காவில் நேர்மாறான வழக்கு

கடல் கடந்தும் இதே பிணக்கு உண்டு, வேறு உருவில். அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சரைப் போன்றவர். நியூ மெக்சிகோ மாநிலத்துக்குக் கொரோனா நிவாரணமாக மத்திய அரசு 175 கோடி டாலர் கொடுத்தது. அதை எப்படிச் செலவிடுவது என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்றார் ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷாம். கட்சி வேறுபாடின்றி இரண்டு செனட்டர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 நவம்பரில் அம்மாநில உச்ச நீதிமன்றம், மீதமிருந்த ஏறக்குறைய 110 கோடி டாலரைச் சட்டமன்ற ஒதுக்கீடு இல்லாமல் செலவிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

பஞ்சாபில் ஆளுநர் பணத்தைத் தடுத்தார் என்று வழக்கு. அங்கே ஆளுநர் தாமே செலவிட்டார் என்று வழக்கு. இரண்டிலும் பதில் ஒன்றுதான். அவசரம் என்ற காரணத்தால், மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் உரிமை போய்விடாது.

அமானத்தும் கணக்கும்

நமக்கு இது புதிய பாடம் அல்ல. ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். மக்களின் பசி தீரும்வரை தாம் நெய் உண்ணவில்லை. அதே உமர் (ரலி) அவர்களிடம், பொதுவில் பங்கிட்ட துணியில் உங்களுக்கு மட்டும் கூடுதல் எப்படி வந்தது என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்க முடிந்தது. பதிலும் சொல்லப்பட்டது. விரைவு, கணக்கு இரண்டும் சேர்ந்ததுதான் அமானத். பைத்துல்மால் பொறுப்பில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் பொருந்தும்.

நாம் செய்ய வேண்டியவை

மேலே நடக்கும் பிணக்கைவிட, பட்டியலில் பெயர் இல்லாததால் நிவாரணத்தை இழந்த குடும்பங்களே நம் கண்முன் அதிகம். வாடகைக்கு வந்து, குடும்ப அட்டை இன்னும் சொந்த ஊர் முகவரியில் இருப்பவர்கள், திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தும் அட்டை பிரிக்காதவர்கள், அட்டையே இல்லாதவர்கள். ஆகவே மழைக்கு முன்பே இவற்றைச் செய்துவையுங்கள்:

குடும்ப அட்டை, ஆதார் இரண்டிலும் இப்போதைய முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க 2023இல் படிவம் தரப்பட்டது. அப்படியொரு அறிவிப்பு வந்தால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தம், எரிவாயு இணைப்பு ரசீது ஆகியவற்றின் நகலை வைத்திருங்கள்.

வீடு இடிந்தால், சுத்தம் செய்வதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். மிக்ஜாமின்போது சேதமான குடிசைக்கு 8,000 ரூபாயும், உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சமும் அறிவிக்கப்பட்டன. இவை ரேஷன் கடை வழியாக வருபவை அல்ல. வருவாய்த் துறையின் ஆய்வுக்குப் பிறகே கிடைக்கும்.

விண்ணப்பம் தள்ளுபடியானால் பூந்தமல்லி வட்டாட்சியர் அலுவலகத்தில் காரணம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுத நம் அறக்கட்டளை அலுவலகம் உதவும், இன்ஷா அல்லாஹ்.

நிவாரணம் யாருடைய தயவும் அல்ல. நாம் கட்டும் வரியிலிருந்து, நாம் அனுப்பிய உறுப்பினர்களின் அனுமதியோடு வருவது. கையெழுத்திடுபவர் எவராக இருந்தாலும் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பண்போடும் ஆவணத்தோடும் கேட்போம். இந்த ஆண்டின் மழையை அல்லாஹ் நமக்குப் பயனுள்ள மழையாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்