இந்தியாவில் காற்பந்துப் பயிற்சியாளர்களின் கழக மாற்றம்

காற்பந்துப் பயிற்சியாளர்களின் கழக மாற்றம் என்பது, காற்பந்தாட்டக் கழகம் ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர் தம் பொறுப்பிலிருந்து விலகி வேறொரு கழகத்திலோ தேசிய அணியிலோ பொறுப்பேற்பதைக் குறிக்கும். காற்பந்தாட்டம் இலங்கைத் தமிழில் உதைபந்தாட்டம் என அழைக்கப்படுகின்றது. சிறிய கழகம் ஒன்றில் எதிர்பாராத வெற்றி பெறும் இளம் பயிற்சியாளர் அடுத்து எங்கே செல்வார் என்பது எல்லா நாடுகளிலும் ஆர்வத்துடன் பேசப்படும் ஒரு பொருளாகும். இந்தியாவில் இக்கேள்விக்கான விடைகள் மிகச் சிலவே. உள்நாட்டுப் பயிற்சியாளர்களுக்கான ஏணியில் கீழ்ப்படிகள் பல இருந்தாலும் மேற்படிகள் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம் ஆகும்.

விளையாட்டு வீரர் மாற்றத்திலிருந்து வேறுபாடு

விளையாட்டு வீரர் ஒருவர் ஒப்பந்தக் காலத்தில் கழகம் மாறும்போது, புதிய கழகம் பழைய கழகத்துக்கு மாற்றுத்தொகை செலுத்துவது வழக்கம். அம்மாற்றம் அதற்கென ஒதுக்கப்பட்ட காலப்பகுதியில் மட்டுமே நடைபெற இயலும். பயிற்சியாளர்களுக்கு இக்காலவரையறை பொருந்துவதில்லை. அவர்கள் பருவத்தின் நடுவிலும் பணிநீக்கம் செய்யப்படலாம். மறுநாளே வேறொருவர் அமர்த்தப்படலாம். ஒப்பந்தம் முடிவதற்கு முன் ஒரு பயிற்சியாளரை வேறு கழகம் விரும்பினால், இரு கழகங்களும் பேசி ஓர் ஈட்டுத்தொகையை முடிவு செய்கின்றன.

பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு (பிஃபா), பயிற்சியாளர்களின் ஒப்பந்தம் குறித்த தனி விதிகளைத் தன் ஒழுங்குமுறையில் 2021 இல் சேர்த்தது. அதற்கு முன்னர் அவ்வொழுங்குமுறை பெரும்பாலும் வீரர்களைப் பற்றியதாகவே இருந்தது.

உரிமப் படிநிலைகள்

ஒரு பயிற்சியாளர் அடுத்து எங்கே செல்ல இயலும் என்பதை முதலில் முடிவு செய்வது அவருடைய உரிமம் ஆகும். இந்தியாவில் இப்படிநிலைகள் கீழ்க்காணுமாறு அமைந்துள்ளன.

- டி உரிமம்: அடிப்படை நிலை. பள்ளிகளிலும் உள்ளூர்க் கழகங்களிலும் சிறுவர்களைப் பயிற்றுவோர் பெறுவது.
- சி உரிமம், பி உரிமம்: இடைநிலைகள். இளையோர் அணிகளைப் பயிற்றுவோர் பெரும்பாலும் இவற்றைப் பெற்றிருப்பர்.
- ஏ உரிமம்: முதுநிலை அணிகளில் பணியாற்றுவதற்கான தகுதி.
- புரோ உரிமம்: ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு வழங்கும் மிக உயர்ந்த தகுதி. இந்தியன் சூப்பர் லீக் கழகம் ஒன்றின் தலைமைப் பயிற்சியாளராவதற்கு இது தேவை.

ஒவ்வொரு நிலைக்கும் இடையில் களப்பணி அனுபவம் தேவைப்படுவதால், கீழிருந்து மேலே செல்லப் பல ஆண்டுகள் ஆகின்றன. முந்தைய தலைமுறையினருக்கு, 1961 இல் பட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயமே முதன்மைத் தகுதியாக விளங்கியது.

வரலாறு

தொடக்ககாலத்தில் இந்தியப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வேறொரு பணியைச் செய்துகொண்டே அணிகளைப் பயிற்றுவித்தனர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய பயிற்சியில் இந்திய அணி 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றது.

வங்கிகள், தொடருந்துத் துறை, காவல்துறை, பொதுத்துறைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் அணிகளே பல மாநிலங்களில் முன்னணியில் இருந்தன. இவற்றில் வீரரும் பயிற்சியாளரும் நிறுவன ஊழியர்களாகவே இருந்தமையால், கழகம் மாறுவதென்பது நிலையான வேலையை விட்டு விலகுவதாகவும் அமைந்தது. எனவே திறமையான பயிற்சியாளர்கள் பலர் ஒரே நிறுவனத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தனர்.

தேசியக் காற்பந்து லீக் 1996 இல் தொடங்கப்பட்டது. அது 2007 இல் ஐ-லீக் என மாற்றியமைக்கப்பட்டது. முழுநேரத் தொழிலாகப் பயிற்சியளிக்கும் வாய்ப்பு இவற்றின் மூலம் விரிவடைந்தது. 2014 இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக், பெருந்தொகையையும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களையும் கொண்டுவந்தது.

ஐ-லீக் வாகையர் பயிற்சியாளர்கள்

உள்நாட்டுப் பயிற்சியாளர்களின் நிலையைப் புரிந்துகொள்ள, 2013–14 முதல் ஐ-லீக் வென்ற அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களை வரிசையாகப் பார்ப்பது உதவும்.

- 2013–14: பெங்களூரு – ஆசுலி வெஸ்ட்வுட் (இங்கிலாந்து)
- 2014–15: மோகன் பகான் – சஞ்சய் சென் (இந்தியா)
- 2015–16: பெங்களூரு – ஆசுலி வெஸ்ட்வுட் (இங்கிலாந்து)
- 2016–17: ஐசால் – காலித் ஜமீல் (இந்தியா)
- 2017–18: மினர்வா பஞ்சாப் – கோகேன் சிங் (இந்தியா)
- 2018–19: சென்னை சிட்டி – அக்பர் நவாஸ் (சிங்கப்பூர்)
- 2019–20: மோகன் பகான் – கிபு விக்குனியா (ஸ்பெயின்)
- 2020–21, 2021–22: கோகுலம் கேரளா – வின்சென்சோ அன்னேசே (இத்தாலி)
- 2022–23: ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் – ஸ்தைகோஸ் வெர்கெதிஸ் (கிரேக்கம்)
- 2023–24: முகமதன் – ஆந்திரே செர்னிசோவ் (உருசியா)
- 2024–25: இன்டர் காசி – அன்டோனியோ ஹபாஸ் (ஸ்பெயின்)

2017–18 க்குப் பின் 2024–25 வரை இந்தியர் எவரும் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஐ-லீக் வாகையர் இந்தியன் சூப்பர் லீக்கிற்கு உயர்த்தப்படும் முறை 2022–23 பருவத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது, தம் அணியுடன் சேர்ந்தே மேல்நிலைக்கு உயரும் வழி திறந்தபோது, அவ்வழியில் சென்ற முதல் மூன்று அணிகளின் பயிற்சியாளர்களும் வெளிநாட்டினராக இருந்தனர்.

ஐ-லீக் வெற்றி வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கு விரைவாகப் பயன் தந்துள்ளது. விக்குனியா 2020 இலேயே கேரளா பிளாஸ்டர்சின் பயிற்சியாளர் ஆனார். அன்னேசே 2022 திசம்பரில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் கழகத்துக்குச் சென்றார். இதற்கு மாறாக, 2017 இல் வாகை சூடிய காலித் ஜமீல் இந்தியன் சூப்பர் லீக் கழகம் ஒன்றின் நிலையான தலைமைப் பயிற்சியாளராவதற்கு 2021 வரை காத்திருந்தார்.

காலித் ஜமீல்: ஓர் எடுத்துக்காட்டு

காலித் ஜமீல் 1977 இல் குவைத்தில் பிறந்தவர். இந்திய அணிக்காக ஆடியவர். 2009 இல், 32 ஆவது வயதில், மும்பை எப்சி அணியின் பயிற்சியாளராகி 2016 வரை அங்குப் பணியாற்றினார். பின்னர் மிசோரம் மாநிலத்தின் ஐசால் கழகத்தில் இணைந்தார். ஐசால் அதற்கு முந்தைய பருவத்தில் கீழிறக்கப்பட்டு, கோவாக் கழகங்கள் விலகியதால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணியாகும். அவ்வணி 37 புள்ளிகளுடன், மோகன் பகானை ஒரே புள்ளி வேறுபாட்டில் பின்தள்ளி, 2017 ஏப்பிரல் 30 அன்று வாகை சூடியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் கழகம் இதுவே ஆகும்.

இவ்வெற்றிக்குப் பின் அவருடைய நகர்வுகள் நேர்கோட்டில் அமையவில்லை.

- 2017–18: கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். லீக்கில் நான்காம் இடம்.
- 2019 ஜனவரி: மோகன் பகான். பருவ நடுவில் பொறுப்பேற்றார். அணி ஐந்தாம் இடம் பெற்றது.
- 2019 முதல்: நார்த்ஈஸ்ட் யுனைடெட் கழகத்தில் உதவிப் பயிற்சியாளர்.
- 2021 ஜனவரி: அதே கழகத்தில் இடைக்காலப் பயிற்சியாளர். மீதமிருந்த ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அணி மூன்றாம் இடம் பெற்றது.
- 2021 அக்டோபர்: நிலையான தலைமைப் பயிற்சியாளர். இந்தியன் சூப்பர் லீக்கில் இவ்வாறு அமர்த்தப்பட்ட முதல் இந்தியர். எனினும் 2021–22 பருவத்தில் அணி பத்தாம் இடத்தையே பெற்றது.
- 2023: கீழ்நிலை லீக்கில் ஆடிய பெங்களூரு யுனைடெட்.
- 2023 திசம்பர் இறுதி: ஜம்சேத்பூர். 2024–25 இல் லீக்கின் அரையிறுதி வரையும், 2025 இல் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம் வரையும் அணியை அழைத்துச் சென்றார்.
- 2025 ஆகஸ்ட்: இந்தியத் தேசிய அணி. 2011–12 காலப்பகுதியில் சாவியோ மெதைராவுக்குப் பின் இப்பொறுப்பேற்ற முதல் இந்தியர்.

தேசிய அணியில் அவருடைய தொடக்கமும் ஏற்ற இறக்கம் உடையதாகவே இருந்தது. 2025 செப்டம்பரில் மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில் ஓமானை வென்று மூன்றாம் இடம் பெற்ற அணி, அடுத்த மாதம் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைக் காட்டுகின்றது. முதலாவது, ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற மரபுவழிப் பெருங்கழகங்கள் புகழைத் தரினும் காலத்தைத் தருவதில்லை. இரண்டாவது, தலைமைப் பொறுப்பிலிருந்து உதவிப் பொறுப்புக்கு இறங்கியதே அவருக்கு மேல்நிலை லீக்கின் கதவைத் திறந்தது.

செல்லக்கூடிய வழிகள்

இளம் இந்தியப் பயிற்சியாளர் ஒருவர் முன் பொதுவாகக் கீழ்க்காணும் வழிகள் உள்ளன.

அதே கழகத்தில் நீடித்தல்: தாமே உருவாக்கிய அணியுடன் தொடர்வது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் சிறிய கழகங்கள் வெற்றிக்குப் பின் தம் சிறந்த வீரர்களை இழப்பதால், அதே முடிவைத் திரும்பப் பெறுவது கடினம்.

உதவிப் பயிற்சியாளராதல்: கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்ட் மிராண்டா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆவார். 2020 இல் எப்சி கோவா தன் ஸ்பானியப் பயிற்சியாளரை நீக்கியபோது, இவர் இடைக்காலப் பொறுப்பேற்று அணி லீக்கில் முதலிடம் பெறுவதை நிறைவு செய்தார். 2023 ஏப்பிரலில் ஒடிசாவின் இடைக்காலப் பயிற்சியாளராகச் சூப்பர் கோப்பையை வென்றார்; அக்கோப்பையை வென்ற முதல் இந்தியப் பயிற்சியாளர் இவரே. அதன் பின்னரும் மோகன் பகானில் உதவிப் பயிற்சியாளராகவே பணியாற்றினார். 2025 ஆகஸ்டில்தான் சென்னையின் எப்சியில் நிலையான தலைமைப் பொறுப்பு கிடைத்தது.

மாநில அணி: சந்தோஷ் கோப்பைக்கான மாநில அணிகளின் பொறுப்பு குறுகிய காலத்துக்கு உரியது. 2015 இல் ஐ-லீக் வென்ற சஞ்சய் சென், 2024 திசம்பரில் மேற்கு வங்க அணிக்கு இக்கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

மகளிர் காற்பந்து: மதுரையின் சேது எப்சி அணியை 2021–22 இந்திய மகளிர் லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்த கிறிஸ்பின் செத்ரி, பின்னர் ஒடிசா அணியுடன் 2023–24 இல் வாகை சூடினார். 2025 இல் இந்திய மகளிர் அணியின் பயிற்சியாளராகி, தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தார். ஆடவர் பிரிவை விட இங்கு ஏணி குறுகியதாயினும் விரைவாக ஏறக்கூடியதாக உள்ளது.

தமிழ்நாட்டில்

தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர். இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த கடைசிக் கோலும் அதுவே. இவர் பின்னர் பயிற்சியாளராகி, 1973 இல் கேரள அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வெல்லக் காரணமாக இருந்தார். தமிழ்நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் அண்டை மாநிலத்துக்குச் சென்று பெயர் பெற்றதற்கு இது பழைய எடுத்துக்காட்டு ஆகும்.

முன்னாள் இந்திய வீரரான சையத் சபீர் பாஷா, ஜான் கிரிகோரியின் உதவிப் பயிற்சியாளராக 2017–18 இல் சென்னையின் எப்சி வாகை சூடியதில் பங்கு கொண்டார். 2022 பெப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் போசிதார் பண்டோவிச் நீக்கப்பட்டபோது, பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களுக்கு இவரே பொறுப்பேற்றார். அடுத்த பருவத்துக்கு வெளிநாட்டவர் ஒருவர் அமர்த்தப்பட்டார்.

சென்னையில் இந்தியன் வங்கி, பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவன அணிகளின் மரபு நீண்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய மேற்குப் புறநகர்களில் பள்ளி அணி ஒன்றைப் பயிற்றுவிக்கும் இளைஞருக்கு, டி உரிமமும் பல பிரிவுகளைக் கொண்ட சென்னை லீக்குமே முதற்படிகள் ஆகும். அங்கிருந்து தொழில்முறைக் கழகம் ஒன்றின் இளையோர் அணிக்குச் செல்வது இரண்டாம் படி. 2019 இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி கழகம் 2020–21 க்குப் பின் அத்தொடரில் இடம்பெறாமையால், இடைப்பட்ட படி ஒன்று தமிழ்நாட்டில் இல்லாமற் போனது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

போர்த்துகலின் ஜோசே மொரின்யோ சிறிய கழகமான லெய்ரியாவிலிருந்து 2002 ஜனவரியில் போர்ட்டோவுக்கும், 2004 இல் இங்கிலாந்தின் செல்சீக்கும் சென்றார். செருமனியின் யூலியான் நாகெல்ஸ்மான் 28 ஆவது வயதில் ஹோபன்ஹைம் அணியின் பொறுப்பை ஏற்று, 2019 இல் லைப்சிக், 2021 இல் பயர்ன் மியூனிக், 2023 இல் செருமனித் தேசிய அணி எனச் சென்றார். இருவரும் பெரிய அளவில் ஆடி அறியப்பட்ட வீரர்கள் அல்லர். ஐரோப்பாவில் ஒரு நாட்டிலேயே பல நிலை லீக்குகள் இருப்பதால், ஒவ்வொரு வெற்றிக்கும் அடுத்த ஒரு படி காத்திருக்கின்றது. நாகெல்ஸ்மான் 2023 மார்ச்சில் பயர்ன் மியூனிக்கால் நீக்கப்பட்டும் ஆறே மாதத்தில் தேசிய அணியைப் பெற்றார். அங்கு ஒரு தோல்வி வாழ்க்கைத் தொழிலை முடித்துவிடுவதில்லை.

இந்தியாவில் மேல்நிலை லீக்கின் கழகங்கள் சிலவே. 2025 ஜூலையில் வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டபோது, பயிற்சியாளர்களின் வேலைவாய்ப்பும் உறுதியற்றதாயிற்று. இந்நிலையில் அடுத்த நகர்வைத் தெரிவு செய்யும் பயிற்சியாளர், கழகத்தின் புகழைக் காட்டிலும் ஊதியம் தவறாது வழங்கப்படுமா, ஒப்பந்தக் காலம் எவ்வளவு, வீரர்களைத் தெரிவு செய்யும் உரிமை உண்டா, இளையோர் அணிகள் உள்ளனவா என்பவற்றையே முதலில் கருத வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- இந்தியன் சூப்பர் லீக்
- ஐ-லீக்
- சந்தோஷ் கோப்பை
- சென்னையின் எப்சி
- இந்திய மகளிர் லீக்