புது காம்பாக்ட் கேமரா வாங்கிட்டீங்களா? டூர் கிளம்பும் முன் இந்த செட்டிங்ஸை மாத்திடுங்க!

ஆக்ரா, வாரணாசி டூருக்காகவே புதுசா ஒரு காம்பாக்ட் கேமரா வாங்கியிருக்கீங்க. பேட்டரியைப் போட்டு, ஆட்டோ மோடில் வைத்து அப்படியே கிளம்பினால் என்ன ஆகும்? வெள்ளை வெளேர்னு இருக்கும் தாஜ்மஹால் மங்கிய சாம்பல் நிறத்திலும், கங்கா ஆரத்தி தீபங்கள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகவும் பதிவாகலாம். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். திரும்பப் போயா எடுக்க முடியும்?

ஏன் இப்படி ஆகிறது?

எதிரில் இருப்பது வெள்ளைப் பளிங்கா, கறுப்புப் பாறையா என்று கேமராவின் மீட்டருக்குத் தெரியாது. எல்லாக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை என்றால் இருட்டாக்கும். முழுக்க இருட்டு என்றால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இதை நாம்தான் திருத்தணும். அதற்குத்தான் +/- குறி போட்ட 'எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்' இருக்கிறது. பல கேமராக்களில் முழு ஆட்டோவில் இது வேலை செய்யாது. எனவே முதலில் 'P' மோடுக்கு மாறுங்கள். தாஜ்மஹாலுக்கு +0.7 அல்லது +1, இரவு நேரப் படித்துறைக்கு -1 என்று ஆரம்பித்து, திரையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். குல்மார்க் பனிக்கும் இதே + கணக்குதான். என்னைக் கேட்டால், ஒரே ஒரு பட்டனைக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆரத்திக்கு என்ன செட்டிங்?

தசாஸ்வமேத படித்துறையில் ஆரத்தி நடப்பது பொழுது சாய்ந்த பிறகு. அங்கே ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காம்பாக்ட் கேமராவின் ஃபிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். முன்னால் நிற்பவரின் தலைதான் பளிச்சென்று விழும்! அடுத்து ஐஎஸ்ஓ. இதைக் கூட்டினால் இருட்டிலும் படம் கிடைக்கும், ஆனால் புள்ளி புள்ளியாக 'நாய்ஸ்' வரும். 1/2.3 இன்ச் வகை சின்ன சென்சார் என்றால் ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பை 800-லும், 1 இன்ச் வகை என்றால் 1600 முதல் 3200-க்குள்ளும் வைக்கலாம். ஸ்டெபிலைசேஷன் இருக்கே என்று நம்பிவிடாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், சுழலும் தீபத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் 1/125 நொடியாவது வேணும். 'S' அல்லது 'Tv' மோடு இருந்தால் அதில் வைத்துக்கொள்ளலாம். படம் ரொம்ப இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓ வரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆடிப்போன படத்தைவிட புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், தீபத்தின் செம்மஞ்சள் ஒளியையே 'தப்பு' என்று நினைத்து கேமரா வெளுக்க வைத்துவிடலாம். சூரியன் படம் போட்ட 'டேலைட்' தேர்வில் வைத்தால் அந்த நிறம் நிற்கும்.

மற்றதெல்லாம் ஒருமுறை மாற்றினால் போதும். படத்தின் அளவு 'லார்ஜ்', தரம் 'ஃபைன்'. டிஜிட்டல் ஜூம் ஆஃப். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். தேதி, நேரம் சரியாக இருக்கட்டும். இதைத் தவறவிட்டால் எந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்று பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு சாயங்காலம், வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டு அறை லைட்டை அணையுங்கள். அந்தச் சுடரை 0, -1, -2 என்று மூன்று படம் எடுத்துப் பாருங்கள்.