பிக்கப் வண்டிக்கு ஏற்ற மேற்கூடு

மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் உரமும் கருவிகளும் ஏற்றிச் செல்லப் பிக்கப் வண்டிகள் பயன்படுகின்றன. மழை பெய்தால், திறந்த பின்தட்டிலுள்ள உரம் நனைந்து கட்டியாகிவிடும். அதனால், சிலர் ‘கெனோப்பி’ எனும் மேற்கூட்டைப் பொருத்துகின்றனர்.

கித்தான் கூடு இலேசானது, விலையும் குறைவு. ஆனால், திருடர்கள் அதைக் கிழித்துவிடலாம். கண்ணாடியிழைக் கூடு துருப்பிடிக்காது, பூட்டியும் வைக்கலாம். ஆயினும், பலமாக அடிபட்டால் விரிசல் விடும். எஃகுக் கூடு உறுதியானது. எனினும், எடை மிகுதி. அந்த எடை கூடக்கூட, வண்டியில் ஏற்றக்கூடிய சரக்கின் அளவு குறையும்.

கூட்டின்மேல் பொருள்களை அடுக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் உயரும். சரிவான செம்மண் பாதையில் வண்டி எளிதில் கவிழக்கூடும். மேலும், கூடு இருந்தாலும் பின்தட்டு ஆள்கள் அமரும் இடமன்று. அங்கு இருக்கை வார்ப்பட்டை இல்லை. எனவே, அழகை மட்டும் பாராமல், ஏற்றும் பொருளையும் செல்லும் பாதையையும் எண்ணிப் பார்த்துக் கூட்டைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமையாகும்.