சூரிய ஒளியும் டி வைட்டமினும் சுவாச நோய்களும்

குளிர்காலத்தில் கொல்கத்தா நகரத்து வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் கடுகெண்ணெய் பூசப்பெற்ற பச்சிளங் குழந்தைகள் வெயிலில் கிடத்தப்பட்டிருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் எண்ணெய்க் குளியலுக்கு உள்ள மதிப்பு வங்காளத்தில் இவ்வழக்கத்திற்கு உண்டு. எண்ணெயே எலும்புக்கு வலிவூட்டுகிறது என்று தாய்மார் பலர் கருதுகின்றனர். ஆனால் இயற்கையான கடுகெண்ணெயில் டி வைட்டமின் இல்லை. குழந்தையின் தோலில் படும் வெயிலே அச்சத்தை உண்டாக்குகிறது. வழக்கம் நன்று, அதற்குக் கூறப்படும் காரணமே திருத்தத்திற்குரியது.

டி வைட்டமினைப் பற்றிய வேறொரு நம்பிக்கை அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்று தோன்றியது முதல், இவ்வைட்டமின் மாத்திரைகள் சளி, இன்புளூயன்சா, நிமோனியா ஆகியவற்றினின்றும் உடலைக் காக்கும் கவசம் எனப் பலர் எண்ணலாயினர். கிராமத்திலும் பள்ளியிலும் இவ்வினாவை எதிர்கொள்வோர் சுகாதாரப் பணியாளரும் ஆசிரியருமே ஆவர். ஆதலின் இது பற்றி உறுதியாக அறியப்பட்டவை யாவை, அவ்வாறு அறியப்படாதவை யாவை என்பதைத் தெளிந்திருத்தல் அவர்க்கு இன்றியமையாதது.

வைட்டமின் உண்டாகும் விதம்

டி வைட்டமின் ஏனைய வைட்டமின்களினின்றும் வேறுபட்டது. அதன் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று, உடலிலேயே உண்டாவது. தோலில் கொலஸ்டிராலுக்கு இனமான ஒரு கொழுப்புப் பொருள் உள்ளது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில், 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய பகுதி இப்பொருளின்மீது படும்போது அது டி வைட்டமினாக மாறுகிறது. பின்னர் அது கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்து செயற்படும் வடிவைப் பெறுகிறது. குடலில் சுண்ணாம்புச் சத்து உறிஞ்சப்படுவதற்கு இதுவே துணை செய்கிறது. இது குறைந்தால் குழந்தைகளுக்குக் கால்கள் வளையும் ரிக்கெட்ஸ் நோயும், வளர்ந்தோருக்கு எலும்பு இளகும் நோயும் தோன்றும்.

வெயில் மிகுந்த இந்நாட்டில் இக்குறை எவ்வாறு நேரும் எனும் ஐயம் இயல்பானதே. பம்பாய் மாகாணத்து நாசிக் நகரில் ஹட்சிசன், ஷா ஆகிய இருவரும் ஆராய்ந்து 1922இல் வெளியிட்ட முடிவு இதற்கு விடையளித்தது. நல்லுணவு உண்டும் பர்தா முறையால் வீட்டினுள் அடைபட்டிருந்த வசதியான குடும்பத்துப் பெண்களிடமும் அவர்தம் குழந்தைகளிடமும் எலும்பு நோய் மிகுந்திருந்தது. எளிய உணவு உண்டு வயல்வெளியில் உழைத்தவரிடமோ அது அரிதாயிருந்தது. வெயில் நாட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது தோலில் படவும் வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

இக்காலத்தில் பர்தாவின் இடத்தை வேறு பல பெற்றுள்ளன. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே அமைந்த குறுகிய சந்துகள், நாள் முழுதும் அறைக்குள் செய்யும் வேலை, நகரத்தின் மீது கவிந்து நிற்கும் புகை ஆகியன அவை. சாளரக் கண்ணாடி இப்புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே கண்ணாடிக்குப் பின்னிருந்து காயும் வெயிலால் இப்பயன் இல்லை. டில்லியில் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஓர் ஆய்வில், புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் இச்சத்தின் அளவு மில்லிலிட்டருக்குச் சராசரி 12.4 நானோகிராமாகவும், புகை குறைந்த குர்காவ் பகுதிக் குழந்தைகளிடம் 27.1 நானோகிராமாகவும் காணப்பட்டது. 2016-18ஆம் ஆண்டுகளில் நாடு முழுதும் நடைபெற்ற விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 14 விழுக்காட்டினர்க்கும், பள்ளிச் சிறுவரில் 18 விழுக்காட்டினர்க்கும், வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினர்க்கும் இக்குறை உண்டு எனக் கண்டது.

நோய்த்தடுப்பாற்றலோடு தொடர்பு

டி வைட்டமினுக்கும் தொற்று நோய்க்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் புதியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கொல்கத்தாவில் இளம் பெண்கள் அதே வயது ஆண்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காசநோயால் மடிவதை நகரச் சுகாதார அறிக்கைகள் சுட்டிக்காட்டின. வெளிச்சமும் காற்றோட்டமும் அற்ற அந்தப்புர வாழ்வே இதற்குக் காரணம் என அக்கால மருத்துவர்கள் கருதினர். தோலைப் பற்றும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்த டென்மார்க்கு நாட்டு ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றார். மீன் எண்ணெயும் வெயிற் குளியலும் நெடுங்காலம் காசநோயாளர்க்கு வழங்கப்பட்டு வந்தன.

இவற்றிற்கு அடிப்படையாக அமையக்கூடிய ஓர் உடற்செயல் 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றால் விளங்கிற்று. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள், காசநோய்க் கிருமியை உணர்ந்தவுடன் இரத்தத்திலுள்ள டி வைட்டமினைத் தாமே செயல் வடிவிற்கு மாற்றிக்கொள்கின்றன. அதன் தூண்டுதலால் கேத்தலிசிடின் எனும் கிருமிகொல்லிப் புரதம் அவ்வணுக்களில் உண்டாகிறது. வைரஸ்கள் சிலவற்றின் வெளியுறையைச் சிதைக்கும் இயல்பும் இப்புரதத்திற்கு உண்டு. அன்றியும், எதிர்ப்புச் செயல் வரம்பு மீறி உடலையே தாக்காதவாறு அடக்கி வைப்பதிலும் டி வைட்டமினுக்குப் பங்கு உண்டு.

எனினும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கலத்தில் நிகழ்வது யாவும் மனித உடலில் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதல் கூடாது. வைட்டமின் கொடுத்தால் நோய் குறைகிறதா என்பதை மக்களிடையே சோதித்தே அறிதல் வேண்டும்.

சோதனைகள் காட்டியவை

மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் குளிர்காலத்தில் வெயில் மிகக் குறைவு. அங்குக் கடுமையான டி வைட்டமின் குறையுடைய 247 பள்ளிச் சிறுவர்களிடம் 2009இல் ஒரு சோதனை நடைபெற்றது. நாள்தோறும் 300 அலகு டி வைட்டமின் சேர்த்த பாலைப் பருகியோர்க்குச் சளி, இருமல் முதலியன ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 25 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்த அறிக்கையொன்று 2017இல் வெளிவந்தது. சுவாசத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு, அதாவது 12 விழுக்காடு, குறைவதாக அது கூறிற்று. கடுமையான குறையுடையோர்க்கே பயன் மிகுதியாயிருந்தது. நாள்தோறுமோ வாரந்தோறுமோ சிறு அளவில் உட்கொண்டோர்க்குப் பயன் கிட்டியது. ஒரே முறையில் பேரளவாகப் பெற்றோர்க்கு அது கிட்டவில்லை.

பின்னர் வந்த பெரிய சோதனைகள் இந்நம்பிக்கையைத் தளர்த்தின. மங்கோலியாவிலேயே எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவர்க்கு மூன்றாண்டுகள் வாரந்தோறும் டி வைட்டமின் கொடுத்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை என 2020இல் அறிவிக்கப்பட்டது. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளர்க்கு ஒரே முறையில் 2 இலட்சம் அலகு கொடுத்தும், அவர்கள் தங்கவேண்டிய நாட்கள் குறையவில்லை. 2022இல் பிரிட்டனிலும் நார்வேயிலும் வெளியான இரு பெரும் சோதனைகளும் கோவிட் நோயைத் தடுப்பதில் பயன் எதனையும் காணவில்லை. 60,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 2025இல் புதுப்பிக்கப்பட்ட தொகுப்பாய்வில், பயன் உண்டு என உறுதியாகக் கூற இயலாத அளவிற்கு வேறுபாடு சிறுத்துவிட்டது.

ஆயின், கோவிட் நோயாளரிடம் இச்சத்து குறைந்து காணப்பட்டது ஏன்? முதியோரும் நெடுநாள் பிணியாளரும் வீட்டினுள்ளேயே இருப்பதால் வெயில் பெறுவதில்லை. அவர்களையே நோயும் கடுமையாகத் தாக்குகிறது. மேலும் நோயின் அழற்சியே இரத்தத்தில் இவ்வைட்டமினின் அளவைத் தாழ்த்தக்கூடும். இரண்டு ஒருங்கே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் ஆகிவிடாது.

கொல்கத்தா தரும் பாடம்

குளிர்காலத்தில் வெயில் குறைவதால் டி வைட்டமின் குறைகிறது. அதனாலேயே இன்புளூயன்சா பரவுகிறது எனும் கருத்து குளிர்நாடுகளில் எழுந்தது. இந்திய நகரங்களில் 2009 முதல் 2013 வரை நடந்த கண்காணிப்பு இக்கருத்தை எடைபோட உதவுகிறது. குளிர் மிகுந்த சிறீநகரில் இன்புளூயன்சா சனவரி முதல் மார்ச்சு வரையில் உச்சமடைகிறது. கொல்கத்தாவில் அது உச்சமடைவது மழைக்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்.

வெயில் குறைந்த மாதங்களின் முடிவிலேதான் உடலில் டி வைட்டமின் மிகத் தாழ்ந்திருக்கும். கொல்கத்தாவிலோ, ஏப்ரல் முதல் சூன் வரை வெயில் காய்ந்து முடிந்த பின்னரே இன்புளூயன்சா பெருகுகிறது. ஆதலின் காற்றின் ஈரம், மழையால் மக்கள் வீட்டினுள் நெருங்கியிருத்தல் போன்ற வேறு காரணங்களையும் கருதவேண்டியுள்ளது. நடைமுறையில் இதன் பயன் யாதெனில், கொல்கத்தா போன்ற நகரங்களில் இன்புளூயன்சாத் தடுப்பூசி மழைக்கு முன்னரே, ஏப்ரல், மே மாதங்களில் போடப்படுதல் நன்று என்பதாம்.

ஆசிரியர்க்கு ஓர் எளிய செய்முறை

சூரியன் வானில் உயர்ந்து நிற்கும்போதே தேவையான புற ஊதாக் கதிர்கள் போதிய அளவில் தரையை அடைகின்றன. தாழ்ந்து நிற்கையில் அவை வளிமண்டலத்தில் நீண்ட தொலைவு கடந்து வருவதால் ஓசோன் படலம் அவற்றை உறிஞ்சிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளக் கோலொன்றைச் சமதரையில் நேராக நட்டு மாணவர் இதனை அறியலாம். நிழல் கோலைவிடக் குறுகியிருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் உள்ளது. டி வைட்டமின் எளிதில் உண்டாகும் நேரம் அதுவே.

டிசம்பர் 22ஆம் நாள் கொல்கத்தாவில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், அதாவது கடிகாரம் ஏறக்குறைய 11.35 காட்டும்போது, நிழல் 103 சென்டிமீட்டர் இருக்கும். அதே நாள் உச்சிவேளையில் சென்னையில் அது 74 சென்டிமீட்டர். சிறீநகரில் 157 சென்டிமீட்டர். கொல்கத்தாவில் மே மாதம் காலை 8.30 மணிக்கே நிழல் கோலைவிடக் குறுகிவிடும்.

இதிலிருந்து இரு செய்திகள் புலனாகும். அதிகாலை இளவெயிலே டி வைட்டமினுக்குச் சிறந்தது எனப் பலர் கூறுவது சரியன்று; அவ்வெயில் இதமானதாயினும் இப்பயனைச் சிறிதே தரும். குளிர்காலத்தில் நடுப்பகல் வெயிலும், கோடையில் வெப்பம் கடுமையாகும் முன் முற்பகல் வெயிலும் ஏற்றவை. தோல் சிவக்கும்வரை நிற்றல் வேண்டுவதில்லை. கருநிறத் தோலுக்குச் சற்று மிகுதியான நேரம் தேவைப்படும்.

பணியாளர் கூற வேண்டுவன

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிலையமும் 2020இல் வகுத்தபடி, வெயில் போதாதவர்க்கு நாளொன்றுக்கு 600 அலகு டி வைட்டமின் போதுமானது. குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்தாகக் கொடுக்குமாறு குழந்தை மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். தாய்ப்பாலில் இச்சத்து குறைவு. கொழுப்பு மிகுந்த மீனிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இது ஓரளவு உண்டு. செறிவூட்டப்பெற்ற பாலிலும் சமையல் எண்ணெயிலும் இது சேர்க்கப்படுகிறது. அவற்றின் உறையில் கூட்டற்குறியுடன் ஆங்கில எஃப் எழுத்து காணப்படும். 6 இலட்சம் அலகு ஊசிகளை மருத்துவர் அறிவுரையின்றித் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது கேடு பயக்கும். இவ்வைட்டமின் மிகுந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவு கடந்து, வாந்தி, மயக்கம், சிறுநீரகப் பழுது ஆகியன நேரிடும்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடினோவைரஸ் தொற்றால் மேற்கு வங்காளத்தில் குழந்தைகள் பலர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். அத்தகைய வேளையில் குழந்தையைக் காப்பது மாத்திரையன்று; காலத்தோடு ஆபத்தை அறிதலேயாகும். அமைதியாயிருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டிற்குட்பட்டதற்கு 50, ஐந்தாண்டிற்குட்பட்டதற்கு 40 என்னும் எண்ணிக்கையை மூச்சு எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.

டி வைட்டமின் குறையிருப்பின் அதனை நீக்குதல் எலும்பின் நலத்திற்கே போதிய காரணம் உடைய நற்செயலாகும். அதனால் சளி சற்றே குறையுமாயின் அது மேல்மிச்சம். ஆனால் மாத்திரை உண்டு என்னும் துணிவால் தடுப்பூசியும், கைகழுவுதலும், காற்றோட்டமும், காலத்தில் செய்யும் சிகிச்சையும் கைவிடப்படுமாயின், நன்மை செய்யவேண்டிய வைட்டமினே தீமைக்கு வழியாகிவிடும்.